முளையில் வாங்கும் கையெழுத்து

கேள்வி: ஐயா, படிவம் நான்கில் படிக்கும் என் மகன், அமெரிக்க பேஸ்பாலில் பெரிய லீக்குக்கு இன்னும் வராத இளம் ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட அட்டைகளை இணையத்தில் இருபது, முப்பது வெள்ளிக்கு வாங்கிச் சேர்க்கிறான். நாளைக்கு இவை பெரிய விலைக்குப் போகும் என்கிறான். விடலாமா, தடுக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தடுக்க வேண்டாம், அவர் போடும் கணக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கணக்குக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. இன்றைய பேஸ்பால் நட்சத்திரம் மைக் டிரவுட் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, 2009-இல் போமன் என்ற பெயரில் வரும் அட்டைகளில் கையெழுத்திட்டார். அவற்றுள் ஒரே ஒரு பிரதியாக அச்சான அட்டை 2020-இல் 3.9 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. ஆனால் பிரையன் டெய்லர் கதையையும் உங்கள் மகன் படிக்கட்டும். 1991-இல் அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, நியூயார்க் யாங்கீஸ் அணி பந்துவீச்சாளரான அவரை நாட்டின் முதல் தேர்வாக எடுத்து 1.55 மில்லியன் டாலர் கொடுத்தது. மறு ஆண்டு டாப்ஸ் நிறுவனம் அவர் கையெழுத்திட்ட அட்டையைத் தன் தொகுப்புகளில் சேர்த்து விற்றது. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் அவருடைய தோள்பட்டை போயிற்று. பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே அவர் ஆட்டம் முடிந்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இந்தச் சந்தையில் பாதி உண்மைதான். முப்பது வெள்ளி அட்டை யாரும் கவனிக்காமல் கிடக்கும் புதையல் இல்லை. இந்தப் பையன் மேலே வருவது அரிது என்று தெரிந்தவர்கள் கணித்து வைத்த விலைதான் அந்த முப்பது வெள்ளி.

விலையை ஒதுக்கிவிட்டால், கையெழுத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சுகிறது? இன்னார், இன்ன நாளில், தன் கையால் போட்டது என்ற உறுதி மிஞ்சுகிறது. அந்த உறுதி எவ்வளவு எளிதில் குலையும் என்பதற்கு 1990-களில் அமெரிக்க எஃப்.பி.ஐ. வளைத்துப் பிடித்த போலிக் கையெழுத்துக் கும்பல் சாட்சி. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூட அவர்களிடம் இருந்தது! நிறுவனமே உறையில் வைத்து விற்கும் அட்டைக்கு அந்த நிறுவனத்தின் பொறுப்பு உண்டு. தனியார் விற்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி, கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்து வாங்குபவரின் கண். அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கி, சுங்கை சிப்புட்டிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், ஈப்போவில் நடக்கிறது. 2016-இல் அங்கே இந்திய அணியில் ஆடிய இருபது வயது ஹர்மன்பிரீத் சிங், எட்டு ஆண்டு கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் அணித்தலைவராக வெண்கலம் வென்றார். அன்று ஒரு பேனாவும் ஒரு தாளும் போதுமாயிருந்திருக்கும்.

ஹாக்கிக் கையெழுத்தை யார் வாங்குவார்கள் என்று உங்கள் மகன் கேட்பார். சரியான கேள்வி, அதற்கென்று சொல்லிக்கொள்ளும்படி சந்தை இல்லை. ஆனால் வாங்க ஆளில்லாத பொருளுக்குப் போலி செய்யவும் ஆளில்லை. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு: அந்தத் தாள் நம் ஆட்டக்காரர்களைப் பற்றிய ஒரு பதிவு. கோலகங்சாரில் பிறந்த ஓட்டக்காரர் மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அதே பாங்காக்கில் 400 மீட்டர் தங்கத்தைத் தாப்பாவைச் சேர்ந்த ராஜாமணி கொண்டுவந்தார். இவர்கள் பெயர் வெளியே தெரியுமுன் பேராக் பள்ளித் திடலில் கையெழுத்திட்ட ஒரு போட்டி நிரல் இன்று கிடைத்தால், அதை விலை வைத்து அளக்க முடியுமா? ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபோது தோட்டத்துத் திடல்களும் சேர்ந்தே போயின. அங்கே ஆடியவர்களைப் பற்றிய தாள்களை இனி வீடுகளில்தான் தேட வேண்டும்.

பெரும்பாலான இளைஞர்கள் பேர் எடுக்காமலே போவார்களே என்றால், ஆம், போவார்கள். அவர்களுடைய அட்டை விற்பனைக்கென்று வாங்கியதாக இருந்தால் அன்றோடு குப்பை. பதிவென்று வைத்ததாக இருந்தால் அதற்கு ஒரு குறையும் வராது. ஆகவே பேஸ்பால் அட்டைக்கு மாதம் இவ்வளவுதான் என்று கைச்செலவில் ஒரு வரம்பு வையுங்கள். போட்டிக் காலத்தில் ஈப்போவுக்கும் அனுப்புங்கள். வழவழப்பில்லாத கெட்டித் தாளில் கையெழுத்து வாங்கட்டும். லேமினேட் செய்ய வேண்டாம். சூட்டில் ஒட்டிய பசை பிறகு தாளைவிட்டுப் பிரியாது. அமிலமில்லாத உறையில் போட்டு, வெயில் படாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் ஈப்போவின் ஈரக்காற்றையும் தாங்கும். தாளின் பின்பக்கம் பென்சிலால் நாள், திடல், எதிரணி மூன்றையும் அன்றே எழுதிவிட வேண்டும். முன்பக்கத்துப் பெயரை உலகம் மறந்துவிட்டாலும், அது யார், எங்கே ஆடியவர் என்பதைப் பின்பக்கம் சொல்லும்.