குடியிருப்புத் தெருவில் வண்டி நிறுத்தமும் அனுமதிச் சீட்டும்

முன்னுரை

வீட்டுக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் பொது நிலமே தெரு. வருவாய்த் துறையின் கணக்கில் ஊரில் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலம் நத்தம் என்றும், தெரு புறம்போக்கு என்றும் குறிக்கப்படும். ஆயினும் நம் மக்கள் வழக்கில் வாசல் என்பது படிக்கட்டோடு முடிந்துவிடுவதில்லை. சாணம் தெளித்துக் கோலம் இடும் இடமும், கலியாணத்துக்குப் பந்தற்கால் நடும் இடமும், மாலையில் கட்டில் போட்டுக் காற்று வாங்கும் இடமும் வாசல்தான். சட்டத்தால் நமதல்லாததும், பழக்கத்தால் நமதாய் இருப்பதுமாகிய இந்த நிலத்தில்தான் இன்று மோட்டார் வண்டி வந்து நிற்கின்றது. அங்கு வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு என்று சொன்னால் குடியிருப்போர் என்ன கருதுவர்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டை ஒரு பேரூராட்சி. அங்கு இத்தகைய சீட்டு முறை இல்லை. ஆனால் தை மாதம் 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில், திருவண்ணாமலை அருணாசலேசுவரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, சுற்று ஊர்களின் மக்கள் அங்குத் திரளுகின்றனர். வருவோரின் வண்டிகள் எங்கே நிற்பது, குடியிருப்போர் எவ்வழியே போய் வருவது என்ற வினா அன்று ஒரு நாள் எழும். பெருநகரத்திலோ அது நாள்தோறும் எழும் வினா. ஆகவே பெருநகரங்களின் அனுபவத்தைச் சிற்றூரார் முன்னதாகவே கற்றுக்கொள்வது நன்று.

அனுமதிச் சீட்டு முறை

ஒரு தெருவில் குடியிருப்போர்க்கு மட்டும், அல்லது அவர்களுக்கு முதலிடம் தந்து, வண்டி நிறுத்தும் உரிமையைச் சீட்டின் வாயிலாக வழங்குவதே இம்முறை. சீட்டில்லாத வண்டி குறித்த நேரத்தில் அங்கு நின்றால் அபராதம் உண்டு.

இம்முறையைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. வெர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் பகுதியில், அருகிருந்த அலுவலகங்களுக்கு வருவோர் தம் கார்களைக் குடியிருப்புத் தெருக்களில் விட்டுச் சென்றனர். எனவே வார நாட்களில் பகல் வேளையில் அத்தெருக்களில் கார் நிறுத்தக் குடியிருப்போர்க்கும், அவர்களிடம் அலுவலாகவோ விருந்தினராகவோ வருவோர்க்கும் மட்டும் சீட்டு தரப்பட்டது. பொதுத் தெருவில் ஒருவருக்கு உரிமை தந்து மற்றவருக்கு மறுப்பது சமத்துவத்துக்கு மாறானது என்று மாநில நீதிமன்றம் கூறிற்று. ஆனால் 1977 அக்டோபரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, குடியிருப்புப் பகுதியின் அமைதியையும் தூய காற்றையும் காக்க இவ்வாறு வேறுபடுத்துவது தகும் என்று தீர்ப்பளித்தது.

ஜப்பான் வேறு வழியில் சென்றது. 1962இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கார் வாங்குவோர் அதனை நிறுத்தத் தெருவுக்கு வெளியே இடம் உண்டு என்று காவல் துறையிடம் சான்று பெற வேண்டும் என்பது அங்குப் பொது விதி. அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். தெருவைப் பங்கிடுவது ஆர்லிங்டன் வழி; தெருவைத் தொடாதே என்பது ஜப்பான் வழி.

பெங்களூரில் எழுந்த கருத்துகள்

நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு பெங்களூரு ஆகும். கர்நாடக அரசின் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் வகுத்த ‘பார்க்கிங் கொள்கை 2.0’ பற்றி 2021இன் தொடக்கத்தில் பெரும் விவாதம் எழுந்தது. வீட்டருகே தெருவில் நிறுத்தச் சிறிய காருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய், நடுத்தரக் காருக்கு 3,000 முதல் 4,000 ரூபாய் வரை, பெரிய காருக்கு 5,000 ரூபாய் என்று அது கட்டணம் கூறிற்று.

இத்தகைய திட்டம் வரும்போது எழும் கருத்துகளை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, எதிர்ப்போர் கருத்து. “வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டினோம், வீட்டு வரியும் கட்டுகின்றோம். எங்கள் வாசலில் நிறுத்த மூன்றாவதாக ஒரு கட்டணமா?” என்பது அவர்கள் கேள்வி.

இரண்டாவது, வரவேற்போர் கருத்து. கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் வருவோர் தம் வாயிலை அடைத்து வண்டியை விட்டுச் செல்வதால் அல்லலுறுவோர் இவர்கள். கட்டணம் கொடுத்தேனும் இடம் உறுதியானால் போதும் என்பர்.

மூன்றாவது, ஐயுறுவோர் கருத்து. சீட்டை விற்பது எளிது. சீட்டில்லாத வண்டியை அகற்றப் போவது யார் என்பது அவர்கள் வினா. சீட்டு வைத்திருந்தும் இடம் கிடைக்காவிட்டால் பணம் வீண்தானே என்றும் கேட்பர்.

நான்காவது கருத்து பெரும்பாலும் எவர் காதிலும் விழுவதில்லை. அது வண்டியே இல்லாதவரின் கருத்து.

கணக்கு காட்டும் உண்மை

ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கணக்கிடுவது வழக்கம். அது 12.5 சதுர மீட்டர். ஏறத்தாழ 135 சதுர அடி. ஒரு சிறு அறையின் பரப்பு அது. ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 3 ரூபாய்கூட ஆகவில்லை. அதே பரப்பில் ஓர் அறையை எவரேனும் நாளைக்கு 3 ரூபாய்க்கு வாடகை விடுவரோ? சாலை வரி என்பது சாலையில் வண்டி ஓடுவதற்கான வரி. பொது நிலத்தில் இரவும் பகலும் இடம் பிடித்திருப்பதற்கான வாடகை அன்று.

மற்றொரு கணக்கும் உண்டு. 20 அடி அகலமுள்ள தெருவில் இரு புறமும் கார் நின்றால், பக்கத்துக்கு 6 அடியாக 12 அடி போய்விடும். எஞ்சுவது 8 அடி. தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறத்தாழ 8 அடி. அந்த வண்டி நுழையாத தெருவில் சீட்டிருந்து பயன் என்ன?

இதனை உணர்ந்தே, குடியிருப்புப் பகுதி வண்டி நிறுத்தம் பற்றி 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு ஆணைகள் பிறப்பித்தது; நடைபாதை நடப்போர்க்கே உரியது என்று அதில் வலியுறுத்தியது. அதே மாதம் அறிவிக்கப்பட்ட டெல்லி வண்டி நிறுத்த விதிகளும், அவசர வண்டிகள் தடையின்றிச் செல்ல ஒரு தடமேனும் விடுபட வேண்டும் என்றன. அங்கு லாஜ்பத் நகர் முன்னோடிப் பகுதியாகக் கொள்ளப்பட்டது.

குடியிருப்போர் என்பவர் யார்?

இப்பொருளின் கடினமான முடிச்சு கட்டணத்தில் இல்லை. ‘குடியிருப்போர்’ என்ற சொல்லில் இருக்கின்றது. சொந்த வீட்டுக்காரர் வீட்டு வரி ரசீதைக் காட்டிச் சீட்டுப் பெறுவார். வாடகைக்கு இருப்பவர் எதைக் காட்டுவார்? ஒரே வீட்டில் மூன்று கார் இருந்தால் மூன்று சீட்டா? காலையில் காய்கறித் தள்ளுவண்டி நிற்கும் இடத்தைச் சீட்டுக்காரர் எடுத்துக்கொண்டால் அந்த வியாபாரி எங்கே போவார்? தெருவோர வியாபாரிகளுக்கென 2014இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருப்பதை இங்கு மறத்தலாகாது.

கார் வைத்திருப்போரிடம் மட்டும் கருத்துக் கேட்டால், ‘எத்தனை சீட்டு, என்ன விலை’ என்ற இரண்டு விடைகளே கிடைக்கும். சைக்கிளில் பள்ளி செல்லும் சிறுவன், தடியூன்றி நடக்கும் முதியவர், வாசலில் பூக்கட்டி விற்கும் பெண் ஆகியோரிடம் கேட்டால், ‘எவ்வளவு இடத்தை விட்டுவைக்க வேண்டும்’ என்ற மூன்றாவது விடையும் கிடைக்கும். அந்த விடையே முதலில் வேண்டுவது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒரு வரிசை புலனாகின்றது. முதலில் அவசர வண்டிக்கும் நடப்போர்க்கும் உரிய வழியை அளந்து ஒதுக்க வேண்டும். அடுத்து மாற்றுத்திறனாளிக்கும் தெரு வியாபாரிக்கும் இடம் குறிக்க வேண்டும். எஞ்சிய இடத்துக்கு மட்டுமே சீட்டு. அதுவும் சொந்த வீட்டார், வாடகையார் என்ற வேறுபாடின்றி முதற்கண் வீட்டுக்கு ஒன்று. இரண்டாவதற்குக் கூடுதல் கட்டணம். வரும் பணத்தின் ஒரு பகுதி அத்தெருவின் விளக்குக்கும் கால்வாய்க்கும் செலவாதல் வேண்டும். வண்டி நிறுத்தக் கட்டணம் அந்தந்தப் பகுதிக்கே பயன்பட்டால் மக்கள் அதனை ஏற்பர் என்று, மறைந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டுள்ளார்.

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கியுள்ளன. கார்கள் பெருகித் தெரு அடைபட்ட பின் சட்டம் பேசுவதைவிட, மணலூர்பேட்டை போன்ற ஊர்களில் தெரு இன்னும் தெருவாக இருக்கும்போதே இத்தகைய சபைகளில் இதனைப் பேசித் தீர்ப்பது எளிது. அப்பேச்சில் வண்டி இல்லாதவரின் குரலும் பதிவாகுமாயின், தெரு எல்லோர்க்கும் உரியது என்ற சொல் பொருளுடையதாகும்.