சட்டத்துக்கு வெளியே போன பெயர்



ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருநாள் ஒரு வினாத் தொடுத்தேன்: "உங்கள் வீட்டுச் சாமி படத்தை வரைந்தவர் யார்?" வகுப்பு அமைதியாயிற்று. ஒரு சிறுவன், "கடைக்காரர், ஐயா" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால், எனக்கும் நெடுநாள் விடை தெரியாது.

அத்தகைய படங்களை வரைந்தோருள் முதன்மையானவர் சி. கொண்டைய ராஜு. 1898-இல் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். பின்னர் நாடகக் குழு ஒன்றுக்குத் திரைச்சீலை தீட்டினார். அக்குழு 1942-இல் கோவில்பட்டியில் கலைந்தபோது, அவ்வூரிலேயே தங்கினார். அங்கு அவர் வரைந்த கஜலட்சுமியும், முருகனும், மீனாட்சி திருக்கல்யாணமும் சிவகாசி அச்சகங்களின் வழியே இலட்சக்கணக்கில் பரவின. அவர் 1976-இல் மறைந்தார்.

இத்தனை வீடுகளில் வாழ்ந்தவரைக் கலை வரலாறு ஏன் மறந்தது? இரவிவர்மாவும் (1848–1906) தெய்வப் படங்களை அச்சிட்டவர்தாமே! ஆனால், அவருடைய மூல ஓவியங்களை அரண்மனைகளும் அருங்காட்சியகங்களும் காத்தன. கொண்டைய ராஜுவின் படங்களோ நாட்காட்டியாக வந்தன. ஆண்டு முடிந்ததும் கழற்றப்பட்டன. மலிவாகக் கிடைப்பதைக் கலையென மதிக்கக் கற்றோர் தயங்கினர். சேர்த்து வைக்கப்படாத ஒன்றை வரலாறு எழுதுவோர் எங்ஙனம் காண்பர்? 1990-களில்தான் கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்லிஸ் போன்றோர் அவரைப் பற்றி விரிவாக எழுதினர்.

குற்றம் அறிஞர்களுடையது மட்டுமன்று. என் இளமையில், கிள்ளான் மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டி எங்கள் லயத்து வீட்டில் தொங்கியது. ஆண்டு முடிந்ததும் அம்மா தேதித் தாளை நீக்கி, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். சட்டத்தில் அடங்க வேண்டி ஓரத்தை வெட்டினார். ஓவியரின் கையொப்பம் அந்த ஓரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அம்மா நாள்தோறும் விளக்கேற்றிய படத்தில் தெய்வம் இருந்தது. தீட்டியவர் பெயர் இல்லை. அன்புடன் போற்றியவர்களும் பெயரை இழக்கலாம் என்பதை அன்றோ இது காட்டுகிறது!

செயற்பாடு: உங்கள் வீட்டுப் படத்தின் கீழ் மூலையை உற்று நோக்குங்கள். பெயர் இருந்தால் ஏட்டில் எழுதுங்கள். அடுத்து, நம் தோட்டத்துக் கோயிலுக்கு வண்ணம் தீட்டியவர், திருவிழாவில் உறுமி அடித்தவர், வாசலில் அழகிய கோலமிட்ட பாட்டி ஆகியோரின் பெயர்களையும் பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது பொறுமையுடன் சொல்லுங்கள். நாம் எழுதாத பெயரை வேறு யார் எழுதுவார்?