கப்பலேறப் போகும் மருமகளுக்கு

ஆவடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்யாண நாளுக்கு நீயும் மாப்பிள்ளையும் கப்பலில் போகப் போவதாக அக்கா சொன்னாள். சொல்லும்போதே முகம் சுளித்தாள், அதை விடு. நீ போனில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: சென்னையிலேயே ஏறலாமா, சிங்கப்பூர் போய் ஏறலாமா? அதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பேச்சோடு பேச்சாக, பாதிப் பணத்தை இ.எம்.ஐ.யில் போடப் போவதாகச் சொன்னாயே, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்பத்தூர் ஃப்ளாட்டுக்குத் தவணை கட்டுகிறீர்கள். சரி, அதில் குடியிருக்கிறீர்கள். கப்பல் மூன்றாம் நாள் காலையில் இறக்கிவிட்டுவிடும். தவணை அடுத்த கல்யாண நாள் வரை வரும். கையிலிருக்கிற காசுக்கு எத்தனை ராத்திரியோ அத்தனை ராத்திரி போங்கள். அது இரண்டு என்றால் இரண்டே போதும்.

இப்போது உன் கேள்வி. சென்னையிலிருந்து போவது கார்டிலியா கம்பெனியின் எம்பிரஸ். 2022 ஜூன் 4-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தாரே, அதே கப்பல். புதுசு இல்லை. 1990-ல் பிரான்ஸில் கட்டி, 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் கம்பெனி மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு ஓட்டியது. மூன்று நான்கு ராத்திரிப் பயணத்துக்கென்றே கட்டியது அது. சுமார் 48,000 டன். சிங்கப்பூர் மெரினா பேயிலிருந்து ஓடும் கெண்டிங் ட்ரீம் 2016-ல் ஜெர்மனியில் கட்டியது, ஒன்றரை லட்சம் டன். வசதியில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் அங்கே கப்பலில் கால் வைக்கும் முன்பே விமான டிக்கெட், விசா, ஒரு ராத்திரி ஓட்டல் என்று மூன்று செலவு. முதல் தடவைக்கு இங்கேயே ஏறுங்கள். கடல் ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்த பிறகு சிங்கப்பூரைப் பார்த்துக்கொள்ளலாம்.

லீவு கிடைத்து, காசும் இருந்து, இலங்கைப் பயணம் இருந்தால் அதைப் பிடியுங்கள். 2023 ஜூனில் இதே எம்பிரஸ் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய் வந்தது. வருஷத்துக்கு வருஷம் ஓட்டம் மாறும், விசாரித்துக்கொள். திருகோணமலையில் கோணேசர் கோயிலும், காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலையும் நல்லூரும் கைக்கெட்டும் தூரம்தான். இறங்கும்போது 'இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்' என்று சொல்வார்கள். கம்பெனி ஏற்பாடு செய்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக ஆட்டோ பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. நான் கப்பலில் வேலை பார்த்த நாளில், நாங்கள் கயிறு அவிழ்க்கும்போது துறைமுகத் தளத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போகிற இடம் மாறினாலும் மனசை விடாதே. 2022-ல் சூதாட்ட அறை விவகாரம் கிளம்பி, புதுச்சேரியில் இந்தக் கப்பலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. போகும் இடம் மாறலாம் என்ற வரி டிக்கெட் நிபந்தனையிலேயே இருக்கும், படித்துப் பார்.

மாதம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் கொந்தளிக்கும். மும்பைப் பக்கம் ஓடும் எம்பிரஸ் அப்போது நம் பக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தென்மேற்குக் காற்று நமக்கு நிலத்தின் மேலே வந்து கடலில் இறங்குகிறது, அதனால் கரையோரத்தில் பெரிய அலை எழும்ப இடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து உங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணி நின்றதை நீயே பார்த்தாய். அந்த மாதங்களில் டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அறை விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே கேள், ஏனென்றால் என் வாலிபமெல்லாம் சரக்குக் கப்பல் எஞ்சின் அறையில் போனது. கப்பலின் மூக்கு ஏறி இறங்கும். பின்பக்கம் புரொப்பல்லர் அதிரும். மேல் தளம் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடும். ஆட்டம் குறைச்சலான இடம் நடுவாந்திரமும் கீழ்த்தளமும்தான், அதுதான் விலையும் குறைவு! ஜன்னல் உள்ள அறையாக வாங்கு; ஜன்னலே இல்லாத உள்ளறையில் விடிந்ததே தெரியாது. தளப் படத்தைக் கேட்டு வாங்கி, உன் அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பார். டான்ஸ் ஹால் இருந்தால் ராத்திரி ஒரு மணி வரை தூக்கமில்லை, சமையல்கட்டு இருந்தால் விடியற்காலை நாலு மணிக்கே பாத்திரச் சத்தம். அறை சின்னது, எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் சமையலறை மாதிரி. ஒருத்தர் சேலை கட்டினால் இன்னொருத்தர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். பெரிய சூட்கேஸ் வேண்டாம்.

வாந்தி வரும் என்று பயந்தால், ஏறுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு அவோமின் மாதிரி ஏதாவது வாங்கி வைத்துக்கொள். ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். தலை சுற்றினால் அறைக்குள் முடங்காமல் வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார். மாப்பிள்ளை கண்டபடி சாப்பிடுகிறவர், முதல் ராத்திரி பஃபேயில் அவர் கையைப் பிடித்துக்கொள். சாப்பிடப் போகும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்கு சானிடைசர் போதாது.

விளம்பரத்தில் இருப்பது முழு விலை அல்ல. துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் பில்லில் ஏறும். இறுதித் தொகையை எழுத்தில் வாங்கு. உள்ளே போனால் காசு கிடையாது, அறைச் சாவி அட்டையைத் தேய்ப்பதுதான். குடி, ஸ்பா, போட்டோ, வைஃபை எல்லாம் அதில்தான். கையிலிருந்து நோட்டு போகாததால் வலிக்காது; இறங்கும் காலையில் கதவிடுக்கில் பில் வரும்போது வலிக்கும். இவ்வளவுக்கு மேல் போவதில்லை என்று புறப்படும் முன்பே இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். உள்ளே போய்ப் பேசினால் சண்டைதான், அந்தச் சின்ன அறையில் கோபித்துக்கொண்டு போக வேறு ரூம்கூட இல்லை. இன்னொன்று, கரை மறைந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போடு. கப்பலில் ஒரு டவர் இருக்கும், அதைத் தானாகப் பிடித்துக்கொண்டால் சாட்டிலைட் கட்டணம் வீட்டுக்கு வந்து சேரும்.

இஸ்திரிப் பெட்டி, காபிக் கெட்டில், தண்ணி சுட வைக்கும் காயில் எதையும் கொண்டு போகாதே. பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். கடலில் மாலுமி பயப்படுவது தண்ணிக்கு அல்ல, நெருப்புக்கு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்ச்சேதத்தோடு முடிந்துபோனது. அதற்கு முன்னால் ரஜூலா 1926-லிருந்து 1973 வரை அதே வழியில் ஓடியது. உன் கொள்ளுத் தாத்தா அதில் பினாங்குக்கு டெக்கில் படுத்துப் போனவர். அவர் போனது வயிற்றுப் பிழைப்புக்கு.

ஏறினதும் ஆபத்துப் பயிற்சி என்று கூப்பிடுவார்கள். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நீ நிற்காதே. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது உன் அட்டையில் இருக்கும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் செத்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய கையோடோ நடத்த வேண்டும் என்று விதி வந்தது. அறையிலிருந்து அந்த இடம் வரை இரண்டு பேரும் ஒரு தடவை படிக்கட்டில் நடந்து பாருங்கள். லிஃப்டில் வேண்டாம்.

குழாயைத் திறக்கும்போது ஒன்று நினைத்துக்கொள். கப்பல் தண்ணீரில் பெரும் பங்கு கடல் தண்ணீர்தான். எஞ்சினைக் குளிரவைத்துச் சூடான தண்ணீரின் வெப்பத்தை வைத்து, அழுத்தம் குறைந்த பாத்திரத்தில் கடல்நீரைக் கொதிக்க வைப்போம். அறுபது டிகிரிகூட ஆகாமல் ஆவியாகிவிடும். செம்பரம்பாக்கம் ஏரி மட்டத்தைப் பேப்பரில் பார்த்தே வளர்ந்த நமக்கு அது பெரிய அதிசயம். அதைச் செய்கிற பையன்கள் உங்கள் டான்ஸ் தளத்துக்கு எத்தனையோ மாடி கீழே, காதில் அடைப்பானோடு நாலு மணி நேரம் காவல் நிற்கிறார்கள். அறையைத் துடைக்கும் பையனும் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாதவன். பேர் கேள். கூட ஒரு நூறு கொடு.

காலையில் கதவுக்கடியில் ஒரு தாள் போடுவார்கள்: யோகா, பிங்கோ, சமையல் காட்சி, மேஜிக், குடும்ப டிஸ்கோ. அத்தனையும் பார்க்க ஆரம்பித்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்ப்பதைவிட அலுத்துப் போவீர்கள். ஒன்றிரண்டு போதும். மீதி நேரம் தண்ணியைப் பாருங்கள். நீ ஏ.சி. ஆபீசிலும் அவர் நைட் ஷிஃப்டிலுமாக, ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறவர்கள். ஓடும் கப்பலின் பின்பக்கத் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வாய் தானாகத் திறக்கும்.

ஏறும் நாளில் துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், சாப்பிட்டுவிட்டு மதியமே கிளம்புங்கள். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கடைசியாக, அத்தை எழுதச் சொன்னாள்: ஏதாவது நல்ல சேதி இருந்தால் 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற மாட்டார்களாம், டிக்கெட் போடும் முன்பே கேட்டுக்கொள்ளவாம். எனக்கு ஒன்றும் தெரியாது, அவள் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா