மீண்டும் பறந்த பிளென்ஹைம்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் அமைந்துள்ளது பட்டர்வொர்த் விமானத் தளம். இன்று அரச மலேசிய ஆகாயப் படையின் தளமாக விளங்கும் இது, 1941-இல் பிரிட்டிஷ் ஆகாயப் படையின் வசம் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள், தாய்லாந்தின் சிங்கோராவில் இருந்த ஜப்பானியர்களைத் தாக்க, பிளென்ஹைம் ரகக் குண்டுவீச்சு விமானங்கள் இங்கு ஆயத்தமாக நின்றன. அவை புறப்படும் வேளையில் ஜப்பானிய விமானங்கள் தளத்தின்மீது குண்டு வீசின. ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டிய விமானம் மட்டுமே வானில் எழும்பியது. அவர் தனியாகவே சென்று தாக்குதலை நடத்தினார். திரும்பும் வழியில் படுகாயமுற்றபோதும், விமானத்தை அலோர் ஸ்டாரில் இறக்கி உடன் வந்த இருவரையும் காப்பாற்றினார். பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அன்று மலாயா வானில் பறந்த அவ்வகை விமானத்தை இனிக் காண முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டு மறுசீரமைப்பாளர்கள். பிளென்ஹைமின் கனடியத் தயாரிப்பான போலிங்புரோக்கின் சிதைந்த உடற்பகுதிகளைக் கொண்டு அவர்கள் பணியைத் தொடங்கினர். பல்லாண்டு உழைப்பில் உருவான விமானம் 1987-இல் பறந்தது. ஒரு மாதத்திற்குள் விபத்தில் நொறுங்கியது. இரண்டாவது விமானம் 1993-இல் பறந்தது. 2003-இல் அதுவும் விபத்துக்குள்ளானது. எனினும் அவர்கள் மனந்தளரவில்லை. பழைய பிளென்ஹைம் ஒன்றின் மூக்குப் பகுதியை ஒருவர் முன்னர் மின்சாரக் காராக மாற்றி ஓட்டியிருந்தார். அப்பகுதியையும் பொருத்திச் சீரமைத்த விமானம் 2014 நவம்பரில் மீண்டும் வானேறியது.

இப்பணி எளிதன்று. அரித்துப்போன அலுமினியத் தகடுகளை அகற்ற வேண்டும். பழைய வரைபடங்களைப் பார்த்துப் புதிய பாகங்களைச் செய்ய வேண்டும். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். சேகரிப்பாளர்களின் சந்தையில் அசல் பாகங்களுக்கும் ஆவணங்களுக்கும் மதிப்பு மிகுதி. ஆனால், பாதுகாப்பாகப் பறக்க வேண்டுமெனில் பழுதுற்ற அசல் பாகங்களை மாற்றியே ஆகவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பதே மறுசீரமைப்பாளரின் பெரும் சவால்.

விலை மட்டுமே மதிப்பாகாது. ஸ்கார்ஃபுக்கு வழங்கப்பட்ட விக்டோரியா சிலுவைப் பதக்கம் 2022-இல் ஏலத்தில் விற்கப்பட்டது. அது பிரிட்டனை விட்டு வெளியேறாதவாறு அரசு தற்காலிகத் தடை விதித்தது. மறு ஆண்டு, பிரிட்டனின் அரச ஆகாயப் படை அருங்காட்சியகம் நிதி திரட்டி அதைப் பெற்றது. இன்று மக்கள் அனைவரும் அதைக் காணலாம்.

சில சிதைவுகள் கல்லறைகளும் ஆகும். 1945-இல் நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்த லிபரேட்டர் விமானத்தில் இருந்த எண்மரின் எச்சங்கள் பின்னாளில் மீட்கப்பட்டு, 2012-இல் கோலாலம்பூரில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. எனவே, காட்டிலோ கடலிலோ பழைய விமானச் சிதைவைக் கண்டால் எதையும் எடுத்துச் செல்லாமல் அதிகாரிகளிடம் தெரிவிப்பதே முறை. சிறு உலோகத் துண்டும் ஒரு குடும்பத்தின் நெடுநாள் கேள்விக்கு விடையாகலாம்.

சிந்தித்திடுக

1. பெரும்பகுதி புதிய பாகங்களால் ஆன விமானத்தைப் பழைய விமானம் என்று கூறலாமா? காரணம் தருக.

2. வரலாற்றுப் பொருள்கள் தனியாரிடம் இருப்பதன் நன்மை தீமைகளைக் குழுவில் கலந்துரையாடுக.