ஒரு பட்டன், எட்டு வண்டிகள்

எங்கள் பள்ளியில் எட்டு மைக்ரோபிட் ரோபோ வண்டிகள் இருக்கின்றன. ஒரு மாணவர் ரிமோட்டை அழுத்தினால் எட்டும் சேர்ந்து ஓடுகின்றன. பழுதா? கைபேசி புளூடூத்துக்கு மாறிவிடலாமா?
– ஓர் அறிவியல் ஆசிரியை

வண்டிகளில் பழுது ஏதும் இல்லை, டீச்சர். எட்டிலும் ஒரே நிரலை ஏற்றியிருப்பீர்கள். அதனால் எல்லாமே ஒரே ரேடியோ குழுவில் காது கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நிரல் எழுதும் மேக்கோடு தளத்தில், நிரலின் தொடக்கக் கட்டத்திலேயே ரேடியோ குழு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். 0 முதல் 255 வரை எண்கள் உண்டு. வண்டிக்கும் அதன் ரிமோட்டுக்கும் ஒரே எண், அடுத்த ஜோடிக்கு வேறு எண். அதை இரண்டின் மேலும் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டால் வகுப்பில் பாதிச் சச்சரவு தீரும்.

புளூடூத் வேண்டாம். ரிமோட்டுக்குத் தனி மைக்ரோபிட் எதற்கு, வீண்செலவு என்று நிர்வாகம் கேட்கும். ஆனால் கைபேசி என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இணைத்து முடிப்பதற்குள் பாடவேளை கரைந்துவிடும். அதைவிட முக்கியம், மைக்ரோபிட் ரிமோட்டின் நிரலையும் பிள்ளைகளே எழுதுகிறார்கள். கையைச் சாய்த்தால் வண்டி திரும்ப வேண்டும் என்பதுவரை அவர்கள் யோசித்ததுதான். ஒருவர் எண்ணை வைத்து இன்னொருவர் வண்டியை ஓட்டிவிடுவாரே என்றால், ஓட்டட்டும். குழு எண் பூட்டு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகப் புரியவைக்க முடியாது. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ரிமோட் இடைவிடாமல் கட்டளை அனுப்பட்டும், அரை நொடி எதுவும் வராவிட்டால் வண்டி தானே நிற்கும்படி நிரல் இருக்கட்டும். இல்லையென்றால் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்த பிறகும், கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு வண்டி சுவரில் போய் மோதும்.