காளான் வித்தைக் காக்கும் கடுங்குளிர்

காளான் குடில் நடத்தும் மகளிர் குழுவினரும் உழவர்களும், "முதலாண்டில் கண்ட விளைச்சல் இப்பொழுது இல்லையே" என்று நம்மிடம் முறையிடுவதுண்டு. குடிலின் தூய்மையும் ஈரமும் செவ்வையாயிருந்தும் விளைச்சல் குன்றுமாயின், குறையை வித்தில் தேடுதல் வேண்டும்.

காளான் வித்து என்பது நெல்மணி போன்ற விதையன்று. வேகவைத்த சோளத்தில் படரவிடப்பட்ட உயிருள்ள பூசண இழையே அது. அதன் மூலம் ஆய்வகத்துச் சோதனைக் குழாயில் உள்ளது. சில திங்களுக்கு ஒருமுறை அவ்விழையைப் புதிய உணவுக்கு மாற்றியாக வேண்டும். இவ்வாறு பன்முறை மாற்றுங்கால் இழை வீரியம் குன்றலாம், இனக்குணம் திரியலாம், வேற்றுப் பூசணமும் புகலாம். 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஏ.பி.கே. 2 பால் காளானாயினும், மருந்துக்குரிய ரெய்ஷிக் காளானாயினும் இவ்விடர் பொதுவே.

இதற்குரிய காப்பு உறைநிலைச் சேமிப்பாகும். வெறுமனே உறையவைத்தால் உயிரணுவின் நீர் பனி ஊசிகளாகி அதனைக் கிழித்துவிடும். கிளிசரால் இத்தீங்கைத் தடுப்பதை, சேவலின் விந்தைக் கொண்டு 1949இல் இங்கிலாந்து அறிஞர் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கண்டறிந்தனர். கால்நடை மருந்தகத்தில் உறைவிந்து வைக்கும் திரவ நைட்ரஜன் கலனை நம் உழவர்கள் அறிவர். காளானுக்கும் முறை அதுவே. இழைத் துண்டுகளை நூற்றுக்குப் பத்துப் பங்கு கிளிசரால் கலந்த நீரில் இட்டு, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் மெல்லக் குளிர்வித்து, பின்னர் சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியசில் வைப்பர். அந்நிலையில் உயிர்ச் செயல்கள் நின்றுவிடுவதால் இழை மூப்படைவதில்லை. வேண்டும்பொழுது வெதுவெதுப்பான நீரில் விரைந்து உருக்கி வளர்ப்பர்.

வீட்டுக் குளிர்பெட்டி இதற்கு ஈடாகாது. வைக்கோல் காளானின் இழை 4 பாகைக் குளிரிலேயே மடியும்.

ஊர்தோறும் நைட்ரஜன் கலன் வைக்க வேண்டுவதில்லை. நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிரப்பத் தவறினால் சேமித்தவை யாவும் அழியும். எனவே இப்பணி ஆய்வு நிலையங்களுக்கே உரியது. சோலன் நகரில் 1983இல் தோன்றிய நிலையம், இன்று காளான் ஆராய்ச்சி இயக்குநரகமாக விளங்கி, இனத் தொகுப்பைப் பேணி வருகிறது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை மூன்று. இனத்தின் பெயரையும் தாய்வித்து எடுத்த நாளையும் தெரிவிக்கும் நிலையத்திலேயே வித்து வாங்கச் செய்க. வித்திலிருந்தே மீண்டும் மீண்டும் வித்துப் பெருக்குவதைத் தவிர்க்கச் செய்க. ஒவ்வொரு தொகுதியின் விளைச்சலையும் குழுவின் ஏட்டில் பதியச் செய்க. விளைச்சல் சரியத் தொடங்கியதை அவ்வேடே முதலில் காட்டும். புதிய தாய்வித்தைக் காலத்தே கேட்டுப் பெற்றால் மகளிரின் உழைப்பும் முதலும் வீண்போகா.