பட்டினியால் மெலியலாமா?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் நம் முன்னோர். கல்வி, கலை, இறைத்தொண்டு ஆகிய எல்லாச் சித்திரங்களுக்கும் உடலே சுவர். அந்தச் சுவரை நாமே இடிப்பதும் உண்டு. உடல் பருத்துவிட்டதோ என்று அஞ்சி, காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டு, மதிய உணவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் மாணவியர் நம்மிடையே உண்டு. பட்டினியால் உடல்தானே மெலியும், மனத்துக்கு என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை தரும் ஆராய்ச்சி ஒன்றைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஐரோப்பிய மக்கள் பலர் பசியால் வாடினர். அவர்களுக்கு எவ்வாறு உணவளித்துத் தேற்றுவது என்பதை அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர், பிறர் பசி தீர உதவ வேண்டுமென்று தாமாகவே முன்வந்தனர். உடலும் மனமும் நலமாயிருக்கக் கண்ட பின்னரே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

முதல் மூன்று மாதம் போதிய உணவு கிடைத்தது. 1945 பிப்ரவரி முதல் ஏறத்தாழ ஆறு மாதம், நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரிதான். முன்பு உண்டதில் பாதி. ரொட்டியும் உருளைக்கிழங்கும் போன்ற எளிய உணவு. வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டும்.

அவர்களுடைய எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. எடை மட்டுமா குறைந்தது? சிரிப்பு குறைந்தது, நட்பு குறைந்தது, படிப்பில் நாட்டம் குறைந்தது. சிறு சொல்லுக்கும் எரிச்சல் கொண்டனர்; சோர்ந்து தனித்திருந்தனர். பகலிலும் கனவிலும் உணவே நினைவு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தனர்; தட்டை நக்கினர். கோடைக்காலத்திலும் குளிரால் நடுங்கினர். நல்ல மனவலிமை உடையவர்களே இந்நிலை அடைந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இதயமும் சுருங்கியது. நிமிடத்துக்கு 55 அளவில் துடித்த நாடி 35 அளவுக்கு இறங்கியது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கும் நாடி மெதுவாகத்தானே துடிக்கும் என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் காரணம் வேறு. பயிற்சியால் வலுப்பெற்ற இதயம் ஒரே துடிப்பில் மிகுந்த இரத்தத்தைச் செலுத்துவதால் நிதானமாக இயங்குகிறது. பட்டினி கிடக்கும் இதயமோ, எரிபொருள் இல்லாத அடுப்பைப்போலத் தணிந்து எரிகிறது. முன்னது வலிமை, பின்னது வறுமை.

மீண்டும் உணவு தந்தபோதும் மனம் உடனே தேறவில்லை. வயிறு நிறைந்தும் பசி தீராமல் பலர் அளவின்றி உண்டனர். இழந்ததைவிட மிகுதியான எடை பெற்றவரும் உண்டு. மெலிய எண்ணிப் பட்டினி கிடப்போருக்கு இது நல்ல எச்சரிக்கை.

அப்படியானால் தவக்கால நோன்பு தவறா? இல்லை. நோன்பு இறைவனை நினைந்து, அளவோடு, ஏழைக்கு ஈயும் உள்ளத்தோடு மேற்கொள்வது. அதையும் 18 வயது நிறைந்தவர்க்கே திருச்சபை கடமையாக்கியுள்ளது. வளரும் பிள்ளைகளிடம் தாயாகிய திருச்சபை கேட்காத பட்டினியை நிலைக்கண்ணாடி கேட்கலாமா?

நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்று வேளையும் அளவோடு உண்போம். கீரை, பருப்பு, பழம் ஆகியவற்றை ஒதுக்காதிருப்போம். 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியது. விரைந்து நடத்தல், கயிறு தாண்டுதல், வலைப்பந்து, வீட்டு வேலை எதுவாயினும் நன்றே. உண்மையிலேயே எடை மிகுந்திருந்தால் மருத்துவரின் சொற்படி நடப்போம். பெற்றோரும் தோழியரும் ஒருவரது உருவத்தைக் கேலி செய்யாதிருப்பது பேருதவி.

உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்பது புனித சின்னப்பரின் போதனை. ஆலயத்தின் விளக்கை எண்ணெயின்றி அணைய விடோம்.